மூதூருக்குப் போன மாப்பிள்ளை

ஆங்கிலேயர் தங்கள் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுத் திருகோணமலையை விட்டுப் போனபோது, எங்கள் வீட்டுக்கு ஓர் அலுமாரி வரும் என்று அம்மா எதிர்பார்த்திருந்தார். அப்பா கடற்படை டொக்யாட் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தார். போகிற துரைமார் தங்கள் பங்களாச் சாமான்களைக் கீழே வேலைசெய்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்ற கதை எங்கள் பாலையூற்று முழுக்கப் பரவியிருந்தது. எதிர்வீட்டுக்கு ஒரு சாய்வுகதிரை வந்துவிட்டது. இரண்டு வீடு தள்ளி ஒரு மணிக்கூடு வந்து, ஓடாமலே சுவரில் ஏறிவிட்டது. அம்மா அறை மூலையிலிருந்த நெல்மூட்டையை நகர்த்தி, அந்த இடத்தைக் கூட்டித் துடைத்து வைத்தார். அலுமாரியில் கண்ணாடி பதித்திருக்குமா இல்லையா என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

அப்பா ஒரு காட்போட் பெட்டியுடன் வந்தார். பெட்டிக்குள்ளிருந்து கீச்சுக்கீச்சென்று அழுகைச் சத்தம் கேட்டது.

வரிசையில் தான் கடைசி ஆளாகப் போய் நின்றதாகவும், அலுமாரி தன் கண்முன்னாலேயே வேறொருவருடைய மாட்டுவண்டியில் ஏறிப் போனதாகவும், வெறுங்கையோடு நின்ற தன்னைப் பார்த்து மனமிரங்கி, துரை ஒருவரின் மனைவியான வெள்ளைக்கார நோனா இதைத் தூக்கித் தந்ததாகவும் அப்பா சொன்னார். டிசம்பரில் நத்தார் விருந்துக்கென்று வளர்க்கத் தொடங்கிய குஞ்சுகளில் எஞ்சியது. நத்தாருக்கு அவர்கள் இங்கிலாந்தில் இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லத் தனக்கு ஆங்கிலம் வரவில்லை என்றார் அப்பா. நாள் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அவர்.

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயோ நான் சீலையை மடிச்சு வைக்கிறது?" என்று கேட்டார்.

அது ஒரு வான்கோழிக் குஞ்சு. எங்கள் ஒழுங்கையில் அதற்கு முன் யாரும் வான்கோழியைக் கண்டதில்லை. அதை வளர்க்கும் விதத்தை நோனாவின் சமையற்காரர் சொல்லச் சொல்ல, அப்பா களஞ்சியத்துப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் இலக்கமிட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். பனியில் விடக்கூடாது. ஈரத்தில் நிற்க விடக்கூடாது. முட்டையை அவித்து, வெங்காயத்தாளோடு சேர்த்துப் பொடியாக நறுக்கிக் கொடுக்கவேண்டும். கோழிக்குஞ்சுக்கு முட்டை அவித்துக் கொடுக்கிற வீடு உலகத்தில் எங்காவது உண்டா என்று அம்மா கேட்டார். கேட்டுக்கொண்டே அவித்தார். "துரை சாப்பிட்டாச்சோ?", "துரைக்குக் குளிரப்போகுது, சாக்கை இழுத்து மூடு" என்றெல்லாம் கோபத்தில் சொல்லத் தொடங்கியதுதான். ஒரு கிழமைக்குள் அது கேலி என்பது எல்லோருக்கும் மறந்துபோயிற்று. பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரை 'அது' என்று சொன்னதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அலுமாரிக்கென்று ஒழித்த மூலையில் துரை படுத்தார். பக்கத்தில் பாய் போட்டு நான் படுத்தேன். எப்படி இருக்கவேண்டும் என்று காட்டித்தர அவருக்குத் தாய்க்கோழி இல்லாதபடியால் என்னைப் பார்த்துப் பழகினார். நான் இருந்தால் இருந்தார், எழுந்தால் எழுந்தார். கிணற்றடி மறைப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினால், நான் வெளியே வரும்வரை கதவோடு நின்று புலம்பினார். நான் வீட்டுப்பாடம் எழுதும்போது எழுதிய எழுத்தின்மேல் ஏறிப் படுத்தார். என் சிலேற்றுப் பென்சில்களை ஒவ்வொன்றாக விழுங்கினார். பென்சில் எங்கே என்று ரீச்சர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அந்த மாதத்தில் நான் அடிவாங்கியது அந்த உண்மைக்குத்தான்.

பொய்க்கு அடி விழவில்லை. வகுப்பில் எல்லோரும் அது என்ன குஞ்சு என்று கேட்டபோது, மயில்குஞ்சு என்று சொல்லியிருந்தேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்போது அவர் மண்ணிறமாக, நீண்ட காலோடு, பார்க்க அப்படித்தான் இருந்தார். நான்கைந்து மாதத்தில் நிலைமை மோசமாயிற்று. தலையிலிருந்த மயிர் உதிர்ந்தது. கழுத்தில் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள் முளைத்தன. சொண்டின்மேல் ஒரு தசை தும்பிக்கைபோல இறங்கி ஆடியது. கோபம் வந்தால் தலை சிவந்தது, பயந்தால் வெளுத்தது, இரண்டுமில்லாத நேரத்தில் நீலமாக இருந்தது. ஆங்கிலேய மயில் இப்படித்தான் இருக்கும் என்று வகுப்பில் சொன்னேன். நம்பினார்கள். நம்பி, வீட்டில் போய்ச் சொன்னார்கள். வெருகல் முருகனுக்குக் காவடி எடுக்க நேர்ந்திருந்த ஒருவர், காவடிக்கு நாலு பீலி வேண்டும் என்று எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார். அப்பா ஒன்றும் விளங்காமல் அவரை உள்ளே கூட்டிவந்தார். துரை வாலை விரித்துக் காட்டினார். வந்தவர் நெடுநேரம் பார்த்தார். கும்பிடுவதா விடுவதா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கி, பிறகு வருகிறேன் என்று சொல்லிப் போனார். வரவில்லை.

அவருக்குக் குரல் வந்தது அந்த நாட்களில்தான். ஒருநாள் காலை டொக்யாட் சங்கு ஊதியது. முற்றத்தில் நின்ற துரை கழுத்தை நீட்டி, உடம்பையெல்லாம் குலுக்கி, பானைக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டியதுபோலக் கொளகொளவென்று மறுமொழி சொன்னார். சொன்னபின் தானே திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு சத்தத்தையும் அவர் சும்மா விட்டதில்லை. துறைமுகத்துக்குள் கப்பல் ஊதினால் பதில், லொறி ஹோன் அடித்தால் பதில், குசினியில் சட்டி விழுந்தால் பதில். அப்பாவுக்குப் பெரிய தும்மல். அப்பா தும்முவார், துரை பதில் சொல்வார், அப்பாவுக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் மறுபடி தும்மல் வரும். ஒழுங்கையில் போகிறவர்கள் எங்கள் வீட்டில் ஓயாமல் சண்டை நடக்கிறது என்று நினைத்தார்கள்.

பள்ளிக்கூடம் எங்கள் வேலிக்கு அப்பால் இரண்டு வளவு தள்ளி இருந்தது. அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் எனக்கு நன்னடத்தைப் பரிசு கிடைத்தது. வகுப்பில் கதைக்காமல் இருந்ததற்கு. கதைக்கவேண்டியதையெல்லாம் நான் காலையிலேயே துரையிடம் கதைத்து முடித்துவிட்டுப் போவேன் என்பது பெரிய ரீச்சருக்குத் தெரியாது.

விழாவுக்குக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தர் வருவதாக இருந்தது. முதன்முறையாக ஒலிபெருக்கி பூட்டியிருந்தார்கள். புறப்படுவதற்கு முன் நான் படலையை இரண்டு கயிற்றால் கட்டினேன். துரைக்குப் பறக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

நாங்கள் பெஞ்சுகளில் இருந்தோம். ரீச்சர் ஒருவர் ஓடிவந்து, "துரை வந்திட்டார், எல்லாரும் எழும்புங்கோ" என்றார். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிபோலத் துடைத்த கறுப்புக் காரிலிருந்து விருந்தினர் இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், பாடசாலை வேலியின்மேல், எங்கள் துரையும் வந்திருந்தார்.

விருந்தினருக்குக் கணீரென்ற குரல். ஒவ்வொரு வசனத்தையும் மெதுவாகத் தொடங்கி, கடைசிச் சொல்லில் உயர்த்தி நிறுத்துவார். மாணவருக்கு முதலில் வேண்டியது ஒழுக்கம் என்றார். வெளியிலிருந்து கொளகொள என்று சத்தம் வந்தது. சில தலைகள் திரும்பின. இரண்டாவதாக வேண்டியது பெரியோர் சொல் கேட்டல் என்றார். கொளகொள. மூன்றாவதைச் சொல்லுமுன்பே முன்வரிசைப் பிள்ளைகள் வெளியே பார்த்துக் காத்திருந்தார்கள். விருந்தினர் குரலைத் தாழ்த்திப் பார்த்தார். துரை பேசாமல் இருந்தார். ஆனால் பின்னால் இருந்த பெற்றோர் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். குரலை உயர்த்தினார். கொளகொள. சபையோர் சிரிப்பை அடக்கமாட்டாமல் கைதட்டினார்கள். அதற்கும் கொளகொள.

பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். துரை காரின் கதவில் தன்னைப் பார்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. தன்னைப்போல வாலை விரித்த இன்னொருவர் தன்னையே முறைத்துப் பார்ப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. சாரதி குடையை விரித்து அவரைத் துரத்த வந்தாராம். குடை விரிந்ததைத் துரை வேறு விதமாக எடுத்துக்கொண்டாராம். சாரதி காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மேடையேறி, மைக்குக்குப் பக்கத்தில் நின்று பரிசுப் புத்தகத்தை வாங்கினேன். வெளியே டொக் டொக்கென்று தகரத்தில் கொத்தும் சத்தம் கேட்டது. பெரிய ரீச்சர் வாசலைப் பார்த்தார். பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதைக் கண்டுவிட்டு அவரும் என்னைப் பார்த்தார்.

"அந்தக் கோழி ஆரின்ர?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது, ரீச்சர்" என்றேன்.

மைக்கில் விழுந்த என் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. துரைக்கும் கேட்டது. காரையும் எதிரியையும் விட்டுவிட்டு அவர் வாசலால் உள்ளே வந்தார். பெற்றோர் வரிசைகளுக்கு நடுவே அவசரமில்லாமல் நடந்தார். மேடைப் படியை ஒவ்வொன்றாக ஏறினார். எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, செட்டையை நிலத்தில் உரசி, வாலை முழுதாக விரித்தார்.

விருந்தினர் குனிந்து, "பிள்ளை, உமக்கு இவரைத் தெரியாதெண்டு சொன்னனீர். இவருக்கு உம்மைத் தெரியுது போல" என்றார்.

நான் அழத் தொடங்கினேன். அழுகைக்கும் துரை பதில் சொன்னார். விருந்தினர் மைக்கைத் தன் பக்கம் திருப்பி, தான் எத்தனையோ பாடசாலைகளில் இதே பேச்சைப் பேசியிருப்பதாகவும், ஒரு வசனம் தவறாமல் கேட்டது இவர் ஒருவர்தான் என்றும் சொன்னார். பிறகு இறங்கிப் போய்க் காரின் கதவைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

மறுநாள் பின்னேரம் பெரிய ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் கதிரை போட்டு அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். கார் விசயத்தை அந்த உத்தியோகத்தர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார், அதற்காக வரவில்லை என்றார் ரீச்சர். பாடசாலை மணி அடித்தால் இந்தப் பறவை இங்கேயிருந்து பதில் சொல்கிறது. அதைக் கேட்டு இரண்டாம் வகுப்பும் பதில் சொல்லப் பழகிவிட்டது. இன்று காலை சின்னப்பிள்ளைகளின் அரிவரி வகுப்பும் தொடங்கிவிட்டது. கட்டிப்போட்டாலும் வாய் சும்மா இராது. எங்கேயாவது அனுப்பினால் நல்லது.

ஏழு மாதமாகத் துரையைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா, தட்டைக் கீழே வைத்தார்.

"அவர் வேணுமெண்டு செய்யிறேல்லை, ரீச்சர்" என்றார். "ஒருத்தர் சத்தம் குடுத்தால் மறுமொழி சொல்லாமல் அவருக்கு இருக்க ஏலாது. வளர்ப்பு அப்பிடி."

ஆனால் ரீச்சர் சொன்னதில் நியாயம் இருந்தது. எதிர்வீட்டு அம்மா வேலிக்கு மேலால் வேறொரு யோசனை சொன்னார். மிளகு கொஞ்சம் கூடப் போடவேண்டும் என்பதுவரை யோசித்திருந்தார். அதற்குப் பிறகு அம்மா இரண்டு கிழமை அந்தப் பக்க வேலிக்குப் போகவில்லை.

அப்பாவுக்குத்தான் மூதூர் நானாவின் நினைவு வந்தது. அவர் டொக்யாட் சமையற்கட்டுக்கு மரக்கறி கொண்டுவந்து கொடுத்தவர், அப்பாவின் நெடுநாள் சிநேகிதர். சீனக்குடாப் பக்கத்துப் பங்களா ஒன்றிலிருந்து அவருக்கும் இரண்டு வான்கோழிப் பேடுகள் கிடைத்திருந்தன. சேவல் இல்லை. சொல்லியனுப்பியதும் நானா மாப்பிள்ளை பார்க்க வந்துவிட்டார். வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாகக் கதிரையில் இருந்து, துரையை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்தார். அம்மா வடை சுட்டிருந்தார்.

"மாப்பிள்ளைக்கு என்ன பழக்கம் இருக்கு?" என்று நானா மிகவும் கடுமையாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"வெத்திலை, சுருட்டு ஒண்டுமில்லை" என்றார் அம்மா. "சிலேற்றுப் பென்சில் மட்டும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கிணற்றடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். துரை கதவோடு வந்து நின்றார்.

சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் அவரைப் பனையோலைக் கடகத்தில் இருத்தி, தலை மட்டும் வெளியே தெரியச் சாக்கால் கட்டி, சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகுக்குப் போனோம். அம்மா அவருக்கு அவித்த முட்டை கட்டித் தந்திருந்தார். லோஞ்சில் ஏறும்வரை துரையின் தலை வெள்ளையாக இருந்தது. லோஞ்சுக்காரர் புறப்படுவதற்கு ஹோன் அடித்தார். துரை பதில் சொன்னார். லோஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை அடித்தார். கொட்டியாரக் குடா நடுவில் ஹோன் அடிக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் மூதூர் போய்ச் சேரும்வரை அந்த மனிதர் கையை எடுக்கவில்லை. சம்பூருக்குப் போகிற ஒரு பெண் எனக்கருகில் இருந்தார். இது என்ன என்று கேட்டார். வான்கோழி என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் துரையின் மொட்டைத் தலையையும் தொங்கும் கழுத்தையும் பார்த்து, "பாவம், வயசு போன நேரத்தில அலைக்கிறியள்" என்றார்.

மாப்பிள்ளையைப் பார்க்க நானாவின் வளவில் அயலெல்லாம் கூடியிருந்தது. நானாவின் மனைவி, நான் மாமி என்று கூப்பிட்டவர், இரண்டு பேடுகளையும் முற்றத்தில் விட்டார். துரையை அவிழ்த்துவிட்டோம். அவர் பேடுகளைப் பார்த்துப் பயந்து என் பாவாடைக்குப் பின்னால் வந்தார். அவற்றைப்போல ஒன்றை அவர் கண்டதே காரின் கதவில்தான். பிறகு தைரியம் வந்து வாலை விரித்தார். விரித்தது பேடுகளுக்கல்ல, மாமிக்கு. மாமி போகிற இடமெல்லாம் செட்டையை இழுத்துக்கொண்டு சுற்றினார்.

மாமி முக்காட்டால் வாயை மூடிச் சிரித்து, "மகள், இவரு தன்னையும் ஒரு மனிசன் எண்டெல்லோ நினைச்சிக்கிட்டு இருக்காரு" என்றார். "நீங்க இஞ்ச நிக்குமட்டும் இவரு கோழியாக மாட்டாரு. கொஞ்சம் உள்ளுக்கு வாங்க."

நான் குசினிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்தேன். துரை என்னைத் தேடி வளவைச் சுற்றிச் சுற்றி வந்தது கேட்டது. புலம்பினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். மாமி எனக்குக் கட்டித் தயிரும் இனிப்புப் பாணியும் தந்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடிந்து கவனித்தபோது புலம்பல் நின்றிருந்தது. கதவு இடுக்கால் பார்த்தேன். துரை மாமரத்தடியில் பேடுகள் இரண்டுக்கும் நடுவில் வாலை விரித்து, நீலத் தலையோடு, எங்கள் வீட்டில் ஒருநாளும் காட்டாத ஒரு மிடுக்கோடு நின்றார்.

பிரியப்போகிறோம் என்றுதான் அதுவரை அழுதேன். அதற்குப் பிறகு அழுதது வேறு. ஒரு தயிர்ச் சட்டி முடியுமுன் ஒருவர் என்னை மறக்கலாம் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. பின்பக்கத்தால் என்னைக் கூட்டிப் போனார்கள். லோஞ்சில் அப்பா ஆறுதல் சொல்ல வந்தார். எனக்குக் கவலையில்லை, கோபம் என்றேன். சரி, கோபப்படு என்றார்.

நானா கிழமைதோறும் டொக்யாட்டுக்கு வரும்போது செய்தி கொண்டுவந்தார். மூத்தவள் முட்டையிடுகிறாள். இளையவளும் தொடங்கிவிட்டாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் மாப்பிள்ளை பதில் சொல்வதில்லை, தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். ஊர் அதை மெச்சுகிறது. பிறகு ஒருநாள், ஒன்பது குஞ்சு பொரித்தாயிற்று என்றார். அம்மா முட்டை அவிக்கிற விபரத்தை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூட விடுமுறையில் அப்பா என்னைக் கூட்டிப் போனார். என்ன சொல்லவேண்டும் என்று லோஞ்சில் யோசித்துக்கொண்டே போனேன். மன்னிப்பதாகத் தீர்மானித்திருந்தேன். வளவுக்குள் போனதும், ஒன்பது குஞ்சுகளும் முற்றத்தில் மேய்வது தெரிந்தது. துரை முன்னைவிடப் பெருத்து, அவற்றுக்குக் காவல்போல நின்றார். நான் கூப்பிட்டேன். ஒரு கண்ணால் பார்த்தார். தலையைத் திருப்பி மற்றக் கண்ணாலும் பார்த்தார். நான் குஞ்சுகளுக்கு நடுவே ஓர் அடி வைத்தேன். அவருடைய தலை சிவந்தது.

கிணற்றை மூன்று முறை சுற்றினேன் என்று அப்பா சொல்வார், எனக்கு எண்ண நேரமிருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கொத்து விழுந்தபின் அவிழ்த்து நிறுத்தியிருந்த மாட்டுவண்டியில் பாய்ந்து ஏறினேன். துரை வண்டியைச் சுற்றி நடந்தார். மாமி விளக்குமாறோடு வந்தார். விளக்குமாற்றையும் அவர் மதிக்கவில்லை. கடைசியில் மாமி சோற்றுப் பீங்கானை வண்டிக்கு மேலே எட்டித் தந்தார். நான் வண்டியிலேயே இருந்து, மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டேன். கொஞ்சம் சோற்றைக் கீழே போட்டேன். குஞ்சுகள் ஓடிவந்து கொத்தின. துரை அவை தின்னும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாம் தின்று போனபின், மிச்சம் கிடந்த ஒரு பருக்கையை மட்டும் எடுத்தார். அந்த மட்டில் எங்களுக்குள் சமாதானம் என்று நான் எடுத்துக்கொண்டேன். நானா கடையிலிருந்து வந்துதான் என்னை இறக்கினார்.

பின்னேரம் வீடு திரும்பியபோது அம்மா படலையிலேயே நின்றார்.

"எப்பிடி இருக்கிறார்?"

"நல்லாயிருக்கிறார். கொத்திப்போட்டார்" என்று காலைக் காட்டினேன்.

அம்மா என்னை விறாந்தையில் இருத்தி, தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் பூசினார். பூசிக்கொண்டே குஞ்சுகளைப்பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எல்லாம் தகப்பனைப் போலயோ?"

"மூண்டு மட்டும்தான் அம்மா அவரைப் போல."

"அப்ப ஆறு தப்பீட்டுது" என்று சொல்லி, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.